கூட்டம் வேறு, சபை வேறு

ஒரு சபை வளர்கிறது என்றால் எதைக் கொண்டு அளப்பது? நிரம்பிய நாற்காலிகளையா, அல்லது காலியான ஒரு நாற்காலியைக் கவனிக்கும் கண்களையா? இந்தக் கேள்விக்கு லண்டன் பாப்டிஸ்ட் போதகர் சார்லஸ் ஸ்பர்ஜனின் வாழ்க்கை நல்ல விடை தருகிறது.

1854-இல் அவர் நியூ பார்க் ஸ்ட்ரீட் சபைக்குப் போதகராக வந்தபோது வயது 19. இறையியல் கல்லூரியில் படித்தவரல்லர். சபையில் இருந்த உறுப்பினர்கள் 232 பேர். அவருடைய பேச்சைக் கேட்க மக்கள் திரண்டார்கள், ஆலயம் கொள்ளவில்லை. பெரிய மண்டபங்களை வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று.

பெருங்கூட்டத்தின் ஆபத்தும் விரைவிலேயே தெரிந்தது. 1856 அக்டோபர் 19-ஆம் நாள், சர்ரே கார்டன்ஸ் இசை மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தபோது யாரோ "தீ!" என்று பொய்க்குரல் எழுப்பினர். நெரிசலில் ஏழு பேர் மாண்டனர். 22 வயதுப் போதகர் மனமுடைந்து போனார். அந்த வேதனை வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. ஆயினும் சில வாரங்களில் மீண்டும் பிரசங்க மேடை ஏறினார்.

1861-இல் மெட்ரோபாலிட்டன் டேபர்நேக்கல் ஆலயம் கடனில்லாமல் திறக்கப்பட்டது. அங்கு ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் கூடினர். இவ்வளவு பேரை ஒரு மனிதர் எப்படி அறிந்திருக்க முடியும்? முடியாது என்பதை ஸ்பர்ஜன் உணர்ந்திருந்தார். அதனால் மூப்பர்களை நியமித்து, வட்டாரங்களைப் பிரித்துக் கொடுத்தார். சேர விரும்புவோரை மூப்பர்கள் தனித்தனியே சந்தித்துப் பேசினார்கள். சபைக் கூட்டம் ஒப்புதல் அளித்த பிறகே உறுப்பினராக முடிந்தது.

திருவிருந்துக்கு வருவோரிடம் எண்ணிட்ட சீட்டு இருக்கும். அந்தச் சீட்டு மூன்று மாதங்களுக்கு மேல் வராவிட்டால், வட்டார மூப்பர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். நோயா, வறுமையா, மனக்கசப்பா என்று விசாரிப்பார். ஆயிரக்கணக்கானோரில் ஒருவர் காணாமல் போனாலும் தேடிச் செல்ல ஆள் இருந்தது. கூட்டத்தைச் சபையாக்கியது இந்தச் சிறிய சீட்டுதான்.

பணியைப் பகிர்வதில் அவர் தயங்கவில்லை. 1856-இல் போதகர்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார். 1867-இல் அனாதை இல்லத்திற்கு வித்திட்டார். 1868-இல் தம்பி ஜேம்ஸ் துணைப்போதகரானார்.

1892 ஜனவரி 31-ஆம் நாள், 57 வயதில் ஸ்பர்ஜன் காலமானபோது உறுப்பினர்கள் ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தனர். ஆனால் அடுத்த போதகர் யார் என்பதில் சபைக்குள் கருத்து வேறுபாடு மூண்டது. இறுதியில் மகன் தாமஸ் பொறுப்பேற்றார். பின்வந்த ஆண்டுகளில் பழைய கூட்டம் நிலைக்கவில்லை. எல்லாப் பணிக்கும் ஆள் தேடிய தலைவருக்கு, அவருடைய குரலுக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை.

குரல் கூட்டத்தைச் சேர்க்கும். குரல் ஓயும்போது கூட்டமும் கலையும். அவர் தொடங்கிய அனாதை இல்லமோ, குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனமாக இன்றும் பணியாற்றுகிறது. சபையோ சங்கமோ, தலைமை ஏற்போர் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: "இன்று வராதவர் யார்? அவரைத் தேடிப் போவது யார்?"