தோழனும் மணமேடை ஏறுவான்: நிக்கல் கார்பீன் அணைவுகளில் துணை ஈனிகள்

இந்தக் கரிம உலோக வேதியியல் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்றிருக்கிறேன். கட்டுரைகளோடு காத்திருக்கும் இளம் ஆய்வாளர்களின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. ஒரு செய்தியை மட்டும் சொல்லி அமர்கிறேன்.

நிக்கல் அணைவு ஒன்றைப் பலகையில் வரையும்போது வினைபுரியும் தொகுதியைப் பெரிதாக வரைகிறோம். உலோகத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஈனியை ‘எல்’ என்ற ஒற்றை எழுத்தில் அடக்கிவிடுகிறோம். துணை ஈனி, பார்வையாளர் ஈனி என்றெல்லாம் அதற்குப் பெயர். அந்த எழுத்துக்குள் நடப்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

2002-இல் மிண்டியோலாவும் ஹில்ஹவுசும் மூன்று பிணைப்பிடங்கள் கொண்ட நிக்கல் கார்பீன் அணைவு ஒன்றை வெளியிட்டார்கள். அதில் இருகை பாஸ்பீன் துணை. டைபீனைல்கார்பீன் வினைபுரியும் பக்கம். மறு ஆண்டே, அந்தக் கார்பீனை எத்திலீனுக்குக் கொடுத்து வளையபுரொப்பேன் செய்ய முடியும் என்று வாட்டர்மனும் ஹில்ஹவுசும் காட்டினார்கள். மறுபுறம், 1991-இல் அர்டுவெங்கோ நிலையான நைட்ரஜன் வளையக் கார்பீனைப் பிரித்தெடுத்த பிறகு, நாம் என்.எச்.சி. என்று அழைக்கும் அந்தக் கார்பீனே துணை ஈனியாகிவிட்டது. ஓரிடத்தில் மாப்பிள்ளை, இன்னோரிடத்தில் மாப்பிள்ளைத் தோழன்.

தோழன் சும்மா நிற்கிறானா? பருமனிலிருந்து தொடங்குவோம். மாண்ட் முறையில் நிக்கலைத் தூய்மையாக்குவதைப் பள்ளியிலேயே படித்தோம். அங்கே வரும் நிக்கல் டெட்ராகார்பனைலோடு நோலன் குழுவினர் 2003-இல் வெவ்வேறு என்.எச்.சி.களைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை ஒரு கார்பனைலை வெளியேற்றி அதன் இடத்தில் அமர்ந்தன. மூன்றாம்நிலை பியூட்டைலும் அடமன்டைலும் தாங்கியவையோ இரண்டு கார்பனைல்களை வெளியேற்றின. ஆக, உலோகத்தின் அருகே எத்தனை பேர் அமரலாம் என்பதையே துணை ஈனி தீர்மானித்துவிடுகிறது.

அடுத்தது, ஈனியே வினையில் கரைந்துபோவது. என்.எச்.சி.யும் ஆல்கைல் தொகுதியும் நிக்கலில் அடுத்தடுத்து அமர்ந்தால் இரண்டும் இணைந்து இமிடசோலியம் உப்பாக வெளியேறிவிடும். ஒடுக்க நீக்கம் என்கிறோம். நிக்கல் கையில் ஈனி இல்லாமல் நிற்கும். கேவலும் உடன் உழைத்தவர்களும் ஆல்கீன் இருபடியாக்கத்தில் இதைக் கண்டார்கள். டொலுவீனில் சிதைந்த நிக்கல் வினையூக்கி, இமிடசோலியம் அயனித் திரவத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்தது. அந்தத் திரவமாக இருக்கும் இமிடசோலியம் உப்பின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு பூஜ்ய நிலை நிக்கலில் சேர்ந்து மீண்டும் கார்பீனாகவும் ஹைட்ரைடாகவும் மாற முடியும் என்பதையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். சிதைவின் வழி தெரிந்தபோதுதான் அதற்கான மருந்தும் புரிந்தது.

ஈனியின் விளிம்பும் பாதுகாப்பானதல்ல. 2004-இல் காடிக், குளோக் குழுவினர் ஒரு நிக்கல் என்.எச்.சி. அமைப்பில் நைட்ரஜனோடு இருந்த மூன்றாம்நிலை பியூட்டைல் தொகுதி அறுந்துபோனதைக் கண்டார்கள். கண்ணாடி மூட்டுகளில் நாம் தடவும் சிலிக்கோன் கிரீசையும் அந்த அமைப்பு விட்டுவைக்கவில்லை. குடுவையின் மூடிவரை சந்தேகிக்க வேண்டிய துறை நம்முடையது.

இழப்பை மட்டும் சொல்லி முடித்தால் பாதிக் கதைதான். 2013-இல் பியர்ஸ் குழுவினர் நடுவில் கார்பீனும் இருபுறமும் பாஸ்பீன் கைகளும் கொண்ட இடுக்கி ஈனியை நிக்கலில் பூட்டினார்கள். நீர் மூலக்கூறு வந்தபோது ஹைட்ரஜனைக் கார்பீன் கார்பன் வாங்கிக்கொண்டது. ஹைட்ராக்சைடை நிக்கல் வைத்துக்கொண்டது. உடைப்பதற்குக் கடினமான அம்மோனியாவும் அப்படியே பிளந்தது. உலோகம் தனியாகச் செய்யத் திணறும் வேலையை இருவரும் பங்கிட்டு முடித்தார்கள். ஒடுக்க நீக்கத்தில் வினையூக்கியைக் கொன்ற அதே நிக்கல்–கார்பன் நெருக்கம்தான் இங்கே வினையையே நடத்துகிறது.

நானும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கறுத்துப்போன கரைசலைப் பார்த்ததும், “கொட்டிக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கு” என்று என் மாணவர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கறுப்புக்குள் எத்தனை கட்டுரைகள் சாக்கடையோடு போயினவோ!

ஆகவே, இந்த அவையில் கட்டுரை படிக்கப்போகும் உங்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. விளைபொருளின் விழுக்காட்டைச் சொல்லும்போது, வினை முடிவில் ஈனி என்ன ஆனது என்பதையும் என்.எம்.ஆர். சான்றோடு சொல்லுங்கள். தோற்ற சோதனைகளையும் மறைக்காமல் இங்கே வையுங்கள். கேட்பவர்களும் கேலி செய்யாமல் கேள்வி கேளுங்கள். ‘எல்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அதை முழுதாக ஒருதரம் வரைந்து பாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் வரலாம்.