கடைசியில் எழுந்தது முதலில் இறங்க வேண்டும்

டிங்கரிங் பட்டறையைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிடம் நின்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘டிங், டிங்’ என்று கணீரென வரும் சத்தம், சற்று நேரத்தில் ‘டொப், டொப்’ என்று மந்தமாகும். கை சளைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தகட்டுக்குப் பின்னால் இடது கை ஓர் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்திருக்கும். அதன் பெயர் டாலி. சுத்தியல் விழும் இடத்துக்கு நேர் பின்னால் டாலி இருந்தால் சத்தம் கணீரென்றிருக்கும். அந்த அடி தகட்டை மெலியவைத்து விரிக்கும். டாலி சற்று விலகியிருந்தால் சத்தம் மந்தம். அந்த அடி மேட்டை இறக்கி, பக்கத்துப் பள்ளத்தை ஏற்றும். எந்த இடத்துக்கு எந்த அடி என்பதில்தான் டிங்கரின் தேர்ச்சி இருக்கிறது.

பழைய லாரியைச் சீர்செய்ய அந்தத் தேர்ச்சி வேண்டும். 1954-ல் டாட்டா நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. பானெட் முன்னால் நீண்டிருந்ததால் நம் ஊரில் அவை ‘மூக்கு லாரி’ ஆயின. கேபினைப் பெரும்பாலும் வெளியில், நாமக்கல் போன்ற ஊர்களில் பாடி கட்டும் பட்டறைகளில் அமைத்தார்கள். அதில் ஒரு தகடு கெட்டால் வேறு தகடு வெட்டி வைத்துவிடலாம். பானெட்டும் மட்கார்டும் அப்படியல்ல. ஆலையில் அச்சில் அழுத்திப் பிறந்த வளைவுகள் அவை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி வாங்கினாலும், அது இன்னொரு லாரி பட்ட அடியோடுதான் வரும். அதனால், பழைய லாரியை வீட்டில் நிறுத்திச் சீர்செய்ய ஆசைப்படுகிறவர் ஒடுக்கு எடுக்கக் கற்றே ஆக வேண்டும்.

மட்கார்டு கம்பத்தில் மோதுகிறது. முதலில் நடுவில் பள்ளம் விழுகிறது. பள்ளம் இறங்க இறங்க, கடைசியில் அதன் ஓரத்தில் தகடு மடிந்து வரப்புபோல எழுகிறது. புதிதாகக் கற்பவர் உள்ளிருந்து பள்ளத்தின் நடுவை ஓங்கி அடிப்பார். அடி அங்கே விழக் கூடாது. கம்பியை வளைத்து நிமிர்த்தினால் வளைந்த இடம் இறுகிவிடும் அல்லவா? அதுபோல இறுகிப்போனது அந்த வரப்புதான். அதுதான் பள்ளத்தை எழவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசியாகப் போட்ட முடிச்சைத்தானே முதலில் அவிழ்க்கிறோம்? வரப்பைச் சிறு அடிகளாகத் தட்டி இறக்கினால், பள்ளத்தின் பெரும்பகுதி தானாகவே மேலே வரும். இரும்பு தன் பழைய வளைவுக்குத் திரும்பத் தயாராகவே இருக்கிறது. தடையை மட்டும் நாம் நீக்க வேண்டும். இந்தக் கலையின் அழகு எனக்குத் தெரிவது இங்கேதான்.

அளவுக்கு மீறி அடித்தால் தகடு விரிந்து உப்பும்; கட்டைவிரலால் அழுத்தினால் ‘டப்’பென்று உள்ளே போய் வெளியே வரும். அதற்கும் வழி உண்டு. ஒரு நாணயம் அளவு இடத்தை காஸ் சுடரில் சிவக்கக் காய்ச்ச வேண்டும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விரிய இடம் கொடுக்காததால் சூடான இடம் தடிக்கும். ஆறும்போது சுருங்கிச் சுற்றியுள்ளதையும் இழுக்கும். ஈரத்துணியை ஒற்றினால் அந்த இழுப்பு விரைவாகும்.

இந்தக் கைகளுக்குச் சென்னையில் நீண்ட மரபு உண்டு. 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனியில், 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவி கார் ஒன்றை உருவாக்கினார். வீட்டு வாசலில் உட்கார்ந்து பித்தளைக் குடத்தின் ஒடுக்கை எடுத்து, ஈயம் பூசிக் கொடுத்தவர்களும் தகட்டின் மனம் அறிந்தவர்களே.

இன்று எளிய வழி, பள்ளத்தைப் பட்டியால் நிரப்பித் தேய்த்து பெயின்ட் அடிப்பது. பட்டியை நான் வெறுக்கவில்லை. சுத்தியல் முடித்த வேலையின் மேல் மெல்லிய பூச்சாக, 2, 3 மில்லிமீட்டருக்குள், அதற்கும் இடமுண்டு. சுத்தியல் செய்ய வேண்டியதைப் பட்டியிடம் விடுவதுதான் தவறு. பெசன்ட் நகரும் சாந்தோமும் உப்புக் காற்றில் நிற்கும் இடங்கள். தடித்த பட்டி வெடிக்கும், ஈரம் உள்ளே இறங்கும், மேலே பளபளக்கும்போதே கீழே துரு தின்னும். தேய்த்த தகட்டுக்கு அன்று மாலைக்குள் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். இரவைத் தாண்ட விடாதீர்கள்.

அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்கும்போது கவனியுங்கள். ஓயாமல் கணீர், கணீர் என்றே வந்தால் தகடு விரிந்துகொண்டிருக்கிறது. கணீரும் மந்தமும் மாறி மாறி வந்து, நடுநடுவே சத்தமே இல்லாமல் போனால், அது நல்ல கை. அந்த மௌனத்தில் டிங்கர் மெல்லிய துணியை உள்ளங்கையின் கீழ் வைத்து, கண்ணுக்குத் தெரியாத மேட்டைத் தடவித் தேடிக்கொண்டிருப்பார்.