வலிக்கலைன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு கடன் வசூல் பத்தியோ வங்கி இணைப்பு பத்தியோ நாம பேசப் போறதில்லை. நம்ம நெஞ்சுக்குள்ள சத்தமில்லாம நடக்கிற ஒரு விஷயத்தைப் பத்திப் பேசப் போறோம்.

நம்ம குழு ஒன்றில் ஒரு அக்கா இருக்காங்க. வயசு 47. சர்க்கரை நோய் உள்ளவங்க. அவங்க சம்மதத்தோடதான் இதைச் சொல்றோம், பெயர் வேண்டாம். நாம மருத்துவ முகாம் போட்டப்ப ஊரையே கூட்டி வந்து, டோக்கன் கொடுத்து, வரிசையில் உட்கார வைத்தது அவங்கதான். சாயங்காலம் நர்சம்மா பிரஷர் கருவியை எடுத்து வைக்கிற நேரத்தில், "நீங்களும் பாருங்கக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னோம். "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிட்டு நாற்காலி அடுக்கப் போயிட்டாங்க. நாமளும் விட்டுட்டோம்.

சில மாதம் கழித்து நடவு வேலையில் இருந்தப்ப அவங்களுக்கு மூச்சு வாங்கியிருக்கு. குப்புன்னு வியர்த்திருக்கு. முதுகு கனத்திருக்கு. நெஞ்சு வலி மட்டும் இல்லை. வாய்வுன்னு நினைத்து ஓமத்தண்ணி குடிச்சிட்டு மறுநாளும் வேலைக்குப் போயிருக்காங்க. பிறகு கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்ததும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஈ.சி.ஜி.யும் எக்கோவும் பார்த்த டாக்டர், "மாரடைப்பு ஏற்கெனவே வந்துட்டுப் போயிருக்கும்மா" என்றார். இன்று மாத்திரையோடு இருக்காங்க. ஆனால் பழையபடி ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை.

முகாம் அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதினோம். ஏற்பாடு செய்தவங்க தங்களைப் பார்த்துக்கிட்டாங்களா என்று எழுத ஒரு வரிகூட வைக்கவில்லை. அது நம்ம தவறுதான்.

வலியே இல்லாமல் மாரடைப்பு வருமா? வரும். சர்க்கரை நோய் பல வருஷம் இருந்தால் நரம்புகள் கெட்டுப்போகும். காலில் முள் குத்தினாலும் சிலருக்குத் தெரியாதே, அதே மாதிரிதான் நெஞ்சு வலியும் சரியாகத் தெரியாமல் போகும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் மாரடைப்பு என்று சினிமாவில் பார்த்து வைத்திருக்கோம். பெண்களுக்கு மூச்சு வாங்குதல், அசதி, வாந்தி வருகிற மாதிரி இருத்தல், தாடையிலோ முதுகிலோ வலி என்றும் வரலாம்.

அடுத்தது இரத்தக் கொதிப்பு, அதாவது பிரஷர். நம் இதயம் ஒரு கைப்பிடி அளவுதான். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்குது. அடைப்பு விழுந்த பைப்பில் தண்ணீர் ஏற்றினால் மோட்டார் என்ன பாடுபடும்? பிரஷர் அதிகமானால் இதயத்துக்கும் அதே பாடுதான். முதலில் அதன் சதை தடிக்கும், பிறகு பலம் குறையும். இது வருஷக்கணக்கில் நடந்தாலும் தலைவலிகூட வராமல் இருக்கலாம். கந்துவட்டி மாதிரி, நமக்குத் தெரியாமலே ஏறிக்கொண்டு போகும். கருவியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

140-க்கு 90 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கணும். ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது, வேறொரு நாளும் பார்க்கணும். பார்ப்பதற்கு முன் 5 நிமிஷம் அமைதியாக உட்காருங்க. அரை மணி நேரத்துக்குள் டீ, காபி குடித்திருக்கக் கூடாது.

நம்மில் யார் கட்டாயம் பார்க்கணும்? 30 வயது தாண்டிய எல்லோரும். சர்க்கரை உள்ளவங்க, மாதவிலக்கு நின்றவங்க, வெற்றிலையோடு புகையிலை போடுறவங்க, பெற்றோருக்கு இதய நோய் இருந்தவங்க ரொம்பக் கவனமா இருக்கணும். கர்ப்ப காலத்தில் பிரஷர் வந்து, பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது என்று மறந்துபோனவங்களும் அடிக்கடி பார்க்கணும். பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு அவங்களுக்கு மற்றவங்களைவிட அதிகம்.

செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சர்க்கரை இரண்டும் இலவசமாகப் பார்க்கலாம். மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினப்ப, வீடு வீடாகப் போகும் வேலைக்கு நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் சுகாதாரத் தன்னார்வலர்களாக எடுத்தாங்க. நம்ம ஊர்ப் பெண்ணே கருவியோடு வாசலுக்கு வரும்போது, "அடுப்புல வேலை இருக்கு, அப்புறம் வா" என்று அனுப்பிவிடலாமா?

இன்னொரு பேச்சும் கேட்கிறோம். "மாத்திரை ஆரம்பிச்சா காலம் முழுக்கப் போடணுமே!" பலர் போடத்தான் வேண்டியிருக்கும். "பிரஷர் இறங்கிடுச்சு, நிறுத்திட்டேன்" என்றும் சிலர் சொல்றாங்க. இறங்கினதே அந்த மாத்திரையாலதான் அக்கா! டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க. உப்பை ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் அளவுக்குள் வையுங்க. கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில் இருக்கிற உப்பும் அந்தக் கணக்கில் சேரும்.

திடீரென மூச்சு வாங்கி, வியர்த்து, நெஞ்சோ முதுகோ கனத்தால் வாய்வு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீங்க. உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்ம குழுவில் சேமிப்பும் உள்கடன் பாக்கியும் பைசா சுத்தமாக எழுதுறோம். அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் ஒரு தீர்மானம் போடுவோம். ஒவ்வொரு உறுப்பினரும் பிரஷர், சர்க்கரை பார்த்த தேதியையும் அளவையும் தன் அட்டையில் எழுதி வைக்கணும். பார்க்காதவங்களை அடுத்த கூட்டத்துக்குள் பக்கத்து வீட்டு உறுப்பினர் கையோடு கூட்டிப் போகணும். முதல் ஆளாக ஊக்குநரும் பிரதிநிதியும் பார்க்கட்டும். களப்பணியாளர்களான நாங்களும் எங்கள் அட்டையோடு வர்றோம்.

அந்த அக்கா நம்மகிட்ட சொன்னது இதுதான்: "எல்லாருக்கும் டோக்கன் கொடுத்தேன், எனக்கு ஒண்ணு எடுத்து வைக்கலையே." அடுத்த முகாமில் முதல் டோக்கன் ஏற்பாடு செய்கிறவங்களுக்குத்தான்.