ஆச்சியின் கைப்பிடி அரிசி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த செயலாளர் அண்ணன், "நீ பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலதானே வேலை பார்க்கிற? இன்டஸ்ட்ரி பத்தி ஏதாவது பேசு, பசங்களுக்கு உதவியா இருக்கும்" என்றார். "அரிசியைப் பத்திப் பேசட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பதினைந்து நிமிஷத்தைத் தாண்டாதே" என்றார். தாண்ட மாட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் மெய்ஞ்ஞானபுரத்துப் பக்கம், தேரிக்காட்டில் ஒரு சின்னக் கிராமம். சிவப்பு மணல், பனைமரம், தூரத்தில் மெய்ஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடி கோபுரம். சி.எம்.எஸ். என்கிற ஆங்கிலிக்கன் மிஷன் காலத்தில் எழுந்த ஆலயம் அது. எங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டு பானைகள் உண்டு. ஒன்று வீட்டுக்கு. மற்றொன்று சின்னது, சங்கத்துக்கு. ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்தச் சின்னப் பானையில் போடுவாள். ஒருநாள் பட்டம் ஒட்டக் கஞ்சிப் பசை வேண்டுமென்று நான் அதில் கைவிட்டுவிட்டேன். "ஏல, அது நம்ம அரிசி இல்லலே, வை" என்று ஒரு அதட்டல். நம் வீட்டுப் பானை, நம் வீட்டு அரிசி, அது எப்படி நம்முடையது இல்லாமல் போகும் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

மாதம் ஒருமுறை கோயில் பிள்ளை சாக்கோடு வருவார். வீடு வீடாகச் சேர்ந்த அரிசி சபைக்குப் போகும். அங்கே ஏலம் போட்டுப் பணமாக்குவார்கள். பண்டிகை வந்தால் ஏலம் இன்னும் களைகட்டும். முதல் காய்ப்பு முருங்கைக்காய், தேங்காய்க் குலை, காலைக் கட்டிய சேவல், ஒரே ஒரு கோழி முட்டை, எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். பத்து ரூபாய் பெறாத முட்டையை நூறு ரூபாய்க்கு எடுத்தவர், அதைத் திரும்பக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொல்வார். அப்புறம் அசனம். பணக்காரர், ஏழை, உள்ளூர், வெளியூர் என்று பாராமல் வரிசையாக உட்கார்ந்து, ஒரே அண்டாவில் வடித்த சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுவோம். இதெல்லாம் விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் பணம் எங்கே போனது என்று தெரிந்துகொண்டது வேலைக்குப் போன பிறகுதான்.

டெல்லி போகும் ரயிலில் கம்மத்துக்கும் வாரங்கலுக்கும் நடுவே டோர்ணக்கல் என்று ஒரு ஜங்ஷன் வரும். கம்பெனி வேலையாகப் போனபோது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து, ஆச்சி வாயில் அடிக்கடி வந்த ஊர்ப்பெயர் ஆயிற்றே என்று திடுக்கிட்டேன். வீடு திரும்பியதும் தேடிப் படித்தேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளை. 1874-ல் அங்கே ஒரு குருவானவர் வீட்டில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தவர், பட்டம் வாங்காமலே வெளியே வந்தவர். (அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இதை வீட்டில் சொல்லித் தப்பிக்க வேண்டாம்.) ஒய்.எம்.சி.ஏ. வேலையாக 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே சங்கம் வைத்து, தங்கள் பணத்தில், கடல் தாண்டி இந்தியக் கரைக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக்காரர்தான் மிஷனரி, நாம் வாங்கிக்கொள்கிறவர்கள் என்றிருந்த காலம் அது. நமக்கே அவர்கள் அனுப்புகிறார்களே, நாம் யாருக்கு அனுப்பினோம் என்ற கேள்வி அவரைக் குடைந்திருக்க வேண்டும். மறு ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அந்தச் சங்கம் ஆள் அனுப்பிய இடம் டோர்ணக்கல்.

இன்றைக்கு அது தெலங்கானா, ஒரு ராத்திரிப் பயணம். அன்றைக்கு நிஜாம் அரசு. வேறு ஆட்சி, வேறு மொழி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். தேரிக்காட்டுச் சனங்களுக்கு அதுதான் வெளிநாடு. 1909-ல் அசரியாவே அங்கே போய்ச் சேர்ந்தார், தெலுங்கு கற்றார். 1912-ல் கல்கத்தாவில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றபோது ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவர். டோர்ணக்கல் கிராமங்களிலும் பெண்கள் உலை வைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்துவைக்கும் பழக்கம் வேரூன்றியது. 1939-ல் அங்கே பிரதிஷ்டையான பேராலயத்தில் கோயில் தூணும் உண்டு, மசூதி போன்ற கும்மட்டமும் உண்டு. அசரியா 1945 ஜனவரி முதல் தேதி அங்கேயே காலமானார். 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் அந்த இணைப்புக்கு முன்னின்று உழைத்தவர்களில் அவர் ஒருவர்.

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்காது. போன தடவை ஊருக்குப் போனபோது அம்மாவின் கைப்பிடி அரிசியை நிறுத்துப் பார்த்தேன். 45 கிராம். இரண்டு வேளைக்கு 90 கிராம். முப்பது நாளில் 2.7 கிலோ. நூறு வீட்டுக்கு 270 கிலோ. எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை, ஆனால் மாதாமாதம் மூன்று மூட்டைக்கு மேல் அரிசி. மிசோரமில் 1910-ல் தொடங்கிய 'புஃபாய் தாம்' என்பதும் இதே கைப்பிடி அரிசிதான். இன்றுவரை அந்தச் சபைகளின் மிஷன் வேலைக்கு அது ஒரு தூண். பெரிய ஆள் ஒருவர் ஒருநாள் கொடுப்பதைவிட, சின்ன ஆட்கள் தினமும் கொடுப்பது நின்று பிடிக்கும்.

இது வரைக்கும் பெருமை. இனிமேல் சொல்லப்போவது என் சிறுமை.

மேட்டுப்பாளையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாண்டிச்சேரி என்றால் கடற்கரைச் சாலை, பிரெஞ்சுத் தெரு என்று வருகிறவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. லாரி வரிசை, ஷெட், புழுதி. 1954-ல் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து நிர்வாகம் மாறி, 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பூமி. பிரெஞ்சு ஆட்சியில் கத்தோலிக்கத் திருச்சபை வேர்விட்ட ஊர் என்பதால் எங்கள் மாதிரி சி.எஸ்.ஐ.காரர்கள் அங்கே கொஞ்சம் பேர்தான். அதிலும் பாதிப் பேர் வேலைக்காக வந்த வெளியூர்க்காரர்கள். எனக்கு அந்தச் சபைதான் ஊர், உறவு எல்லாம். மிஷன் கமிட்டியிலும் என்னைப் போட்டார்கள். ஒடிசாவில் ஒரு பள்ளி விடுதிக்காக மாதம் ஐந்நூறு ரூபாய் என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். ஆச்சியின் கைப்பிடி அரிசியை நான் நவீனப்படுத்திவிட்டேன் என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

சில வருஷங்களுக்கு முன் மழைக்காலம். நான் அப்போது வேலை பார்த்த ஆலையில் என் ஷிப்டில் ஒரு ஒடியா பையன் மூன்று நாள் வரவில்லை. ஒப்பந்தத் தொழிலாளி. சொல்லாமல் ஊருக்கு ஓடிவிட்டான் என்று நினைத்து, ஆப்சென்ட் போட்டு, பெயரை எடுத்துவிடச் சொல்லிக் காண்டிராக்டருக்குத் தாளும் அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்கா என்னிடம் வந்தார். "சார், அந்தப் பையனுக்குக் காய்ச்சல். டெங்குன்னு சொல்றாங்க. முந்தாநாள் நான்தான் ஆட்டோ வச்சு பெரியாஸ்பத்திரியில சேத்தேன். அங்க பேர் கேட்டாங்க, முழுப்பேர் எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா சார்?"

எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் என் கண் முன்னால் வேலை பார்த்தவன். என் ரிஜிஸ்டரில் அவன் ஒரு டோக்கன் நம்பர். அவன் இருந்த அறை என் ஆலைச் சுவருக்குப் பின்னால், நூறு அடி கூட இருக்காது. பத்துப் பேர் ஒரு அறையில், எல்லாரும் ஷிப்டுக்குப் போய்விட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஒடிசாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவன் நான். ஒடிசா என் சுவருக்குப் பின்னாலேயே வந்து படுத்திருந்தபோது அதை ஆப்சென்ட் என்று எழுதினேன். அந்த அக்கா எந்தக் கமிட்டியிலும் இல்லை.

பையன் பிழைத்துவிட்டான். எழுதிய தாளைத் திரும்ப வாங்கினேன். அவனைப் பார்க்கப் போனபோது என்ன பேசுவது என்று தெரியாமல் அரை டஜன் சாத்துக்குடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன்தான் "உட்காருங்க சார்" என்றான், தமிழில்.

அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசியதை அதற்குப் பிறகுதான் சரியாகப் படித்தேன். 1,200 பேருக்கு மேல் கூடிய சபை. ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அங்கே எழுந்து நின்று, மிஷனரிகளின் தியாகத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு வேண்டியது நட்பு, அதைக் கொடுங்கள் என்ற பொருளில் முடித்தார். பலருக்கு அது பிடிக்கவில்லை. ஊரில் இதை நாங்கள் வெள்ளைக்காரனுக்குக் கொடுத்த சூடு என்று ரசித்துச் சொல்வோம். எனக்கே அந்தச் சூடு விழும் என்று நான் நினைத்ததில்லை.

பிறகு சபையில் பேசினோம். ஞாயிறு சாயங்காலம் இரண்டு மணி நேரம், சபை ஹாலில் ஒரு மேஜை, நாலு நாற்காலி. வங்கிப் படிவம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பி.எஃப். கணக்கு, சம்பளப் பாக்கி, எது வேண்டுமானாலும் கொண்டுவரலாம். அங்கே பிரசங்கம் கிடையாது என்று முதல் நாளே முடிவு செய்தோம். வருகிறவர்கள் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று கேட்பதும் கிடையாது. முதல் மாதம் வந்தவர்கள் மூன்று பேர். இப்போது மேஜை போதவில்லை. போன அசனத்துக்கு அவர்களையும் கூப்பிட்டோம். வந்து சாப்பிட்டார்கள், பிறகு அவர்களே வாளியைத் தூக்கிப் பரிமாறினார்கள். அந்த அக்காதான் குழம்பு வாளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

1854-ல் இலங்கை மலைத் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் கடல் தாண்டிப் போனார்கள். ஏன்? பிழைக்கப் போன நம் சனங்களுக்கு அங்கே பேச்சுத்துணைக்கும் ஆள் இல்லை என்பதால். அன்று நம் ஆட்கள் போன இடத்தில் நின்ற அதே நிலையில் இன்று வேறு ஆட்கள் நம் ஊரில் நிற்கிறார்கள்.

நான் மதம் பேச வரவில்லை. இங்கே எல்லா மதத்தவரும் இருக்கிறீர்கள், எல்லார் வீட்டிலும் ஒரு ஆச்சியும் ஒரு சின்னப் பானையும் வேறு பெயரில் இருந்திருக்கும். இந்தக் கல்லூரி விடுதிக்கு நான் டிரங்குப் பெட்டியோடு வந்த முதல் ராத்திரி, மெஸ் மூடிவிட்டது. பெயர் தெரியாத ஒரு சீனியர் அண்ணன் தன் தட்டிலிருந்த மூன்று சப்பாத்தியில் இரண்டை எனக்கு எடுத்துவைத்தார். நம் சங்கம் வருஷா வருஷம் உதவித்தொகை கொடுக்கிறது, நல்ல காரியம், நானும் கொடுக்கிறேன். ஆனால் வாங்குகிற தம்பி தங்கைகளில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? ஆளுக்கு ஒருவர், மாதம் ஒரு போன் என்று ஆரம்பிக்கலாமே. பணத்தைவிட அது கொஞ்சம் கஷ்டம், பழகிப் பார்த்தவன் சொல்கிறேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நாளைக்கு நீங்களும் ஒரு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வருவீர்கள். டோக்கன் நம்பருக்குப் பக்கத்தில் பெயரையும் எழுதிவையுங்கள். நான் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.

அது நம்ம அரிசி இல்லலே என்று ஆச்சி அதட்டியது இப்போது புரிகிறது. நம் பானையிலிருந்து எடுத்தாலும், எடுத்த நிமிஷமே அது பசித்தவனுடையது. பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டது, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார்.