மடியிலிருந்து மண்ணுக்கு



போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை கண்டிப் பக்கம் அம்பிட்டியவில் என் கால்நடைச் சிகிச்சை நிலையத்தைத் திறக்கிறேன். படியில் வெள்ளைச் சீருடையோடு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நிற்கிறாள். பக்கத்தில் அவளுடைய அம்மம்மா. பிள்ளையின் கையில் பிஸ்கட் வந்த மட்டைப்பெட்டி, அதற்குள் பழைய பனியன் ஒன்றில் சுருண்டபடி ஒரு நாய்க்குட்டி. தலாத்துஓயா வீதியில் பஸ் திரும்பும் வளைவில் இரவோடு இரவாக யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெட்டைக் குட்டி. அப்படி வீதிக்கு வருவது பெரும்பாலும் பெட்டைகள்தான். வாயைத் திறந்து பார்த்தேன். பால்பற்கள் ஊசி ஊசியாக முளைத்திருந்தன. ஐந்து, ஆறு வாரம் இருக்கும்.

பிள்ளை கேட்டாள்: "டொக்டர், வீட்டில எங்கட நாய் டைகர் இருக்கு. இவளை இன்னைக்கே டைகரோட விடலாமா?"

நேயர்களே, அந்தப் பிள்ளைக்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறேன். தடுப்பூசி போடாத குட்டியை மற்ற நாய்களோடு எப்படிப் பழக்குவது என்பதே விஷயம்.

முதலில் உடுவெல பக்கத்துத் தம்பி ஒருவரின் கதை. இரண்டு மாதக் குட்டி ஒன்றை ஆசையாக வாங்கினார். முதல் ஞாயிற்றுக்கிழமையே கழுத்துப்பட்டி கட்டி, கண்டிக் குளத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு போனார். ஊசி ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆறாம் நாள் குட்டி சோற்றுப் பக்கம் திரும்பவில்லை. ஏழாம் நாள் வாந்தி, அதன் பிறகு இரத்தக் கழிச்சல். அதுதான் பார்வோ. அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவருக்கு ஆயுசுக்கும் மறக்காது. நான்கு நாள் சேலைன் ஏற்றிப் பார்த்தோம். ஐந்தாம் நாள் விடியற்காலையில் அது அடங்கிவிட்டது. சிவப்புப் பட்டியைக் கைவிரல்களில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி அந்தத் தம்பி நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அது வெசாக் மாதம். துக்கம் தாங்காமல் தீபாவளிக்கு அந்த வீட்டில் இன்னொரு குட்டி கொண்டுவந்தார்கள். அதே பின்வளவு, அதே கொய்யாமர நிழல், நம்முடைய அதே மலைநாட்டு ஈரம். அந்தக் குட்டியையும் எங்களால் காப்பாற்ற முடியவில்லை.  மண்ணில் மாதக்கணக்காக உயிர் வைத்திருக்கும் கிருமி பார்வோ வைரஸ். நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருடம் கூடத் தாங்கும். செருப்பின் அடியில் ஒட்டி வீட்டுக்குள்ளேயே வரும். சவர்க்காரம் அதை ஒன்றும் செய்யாது. சீமெந்துத் தரையென்றால் முதலில் அழுக்கைக் கழுவி எடுத்துவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். மண்ணை அப்படிக் கழுவ முடியாது.

இப்போது மறுபக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர், மிகவும் பொறுப்பானவர். பார்வோவைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஊசியெல்லாம் முடியும்வரை குட்டியை ஓர் அறைக்குள்ளேயே வைத்து வளர்த்தார். வேளாவேளைக்குச் சாப்பாடு, மெத்தை, பொம்மை எல்லாம் இருந்தன. நாலரை மாதத்தில் வெளியே கொண்டுவந்தார். என் நிலையத்தின் வாசலில் யாரோ குடையை விரித்தார்கள், குட்டி அந்த இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டது. எதிரில் இன்னொரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. இது சுவரோடு சுவராக ஒட்டி நின்று பல்லைக் காட்டியது. ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் சரியாத்தானே செஞ்சேன் டொக்டர்," என்றார். எந்த நோயும் அவருடைய குட்டியைத் தொடவில்லை. ஆனால் தன் இனத்து நாயே அதற்குப் பேயாகத் தெரிந்தது.

ஏன் அப்படி? நாய்க்குட்டிக்கு ஒரு பருவம் உண்டு. ஏறத்தாழ மூன்றாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரை. அந்தக் காலத்தில் எதைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, முகர்கிறதோ, அதெல்லாம் அதற்குச் சொந்தமாகிறது. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். வேலியடைத்த வெளியில் மனித வாடையே படாமல் குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வாரங்களில் ஒவ்வொரு கூட்டமாக வெளியே எடுத்துப் பழக்கினார்கள். இளம் வாரங்களில் வந்தவை மனிதரோடு ஒட்டிக்கொண்டன. பதினான்காம் வாரம் வரை உள்ளேயே இருந்தவை கடைசிவரை காட்டு விலங்கு போலவே விலகி நின்றன. 1961 இல் அது வெளியானது. பேராதனையில் மாணவியாக இருந்தபோது அதைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வீட்டில் நாங்கள் வளர்த்த நாயின் பயம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

சிக்கலைப் பாருங்கள். ஊசிகள் முழுமையாக முடிவது பதினாறாம் வாரத்தில். பழகும் பருவமோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முழுப் பாதுகாப்பு வரட்டும் என்று காத்திருந்தால் பருவம் கைநழுவிப் போகிறது. பருவத்தைப் பிடிக்கக் குளக்கட்டுக்கு நடத்திப்போனால் உயிரே போகலாம்.

அதுசரி, ஊசியை ஏன் ஒரே தடவையில் போட்டு முடிக்கக்கூடாது என்று சிலர் கேட்பீர்கள். பிறந்த முதல் நாளில் குட்டி குடிக்கும் சீம்பாலைத் தாய் கட்டிக்கொடுத்துவிட்ட சோற்றுப்பொதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயோடு போராடும் சக்தி அதில்தான் இருக்கிறது. அந்தச் சோறு இருக்கும்வரை நாங்கள் போடும் ஊசி உடம்பில் பிடிக்காது. சோறு தீர்ந்ததும் குட்டிக்குப் பாதுகாப்பே இல்லை. எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். கடைசி ஊசி அவசியமில்லை என்று நினைத்து நிறுத்தாதீர்கள். பல குட்டிகளுக்கு அந்தக் கடைசி ஊசிதான் பிடிக்கிறது.

அந்த இடைப்பட்ட வாரங்களில் என்ன செய்வது? மடியில் வைத்து உலகத்தைக் காட்டுங்கள். கால் மட்டும் பொது மண்ணில் படவேண்டாம். பின்னேரம் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது குட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டடிக்குப் போங்கள். அம்பிட்டியவில் பார்ப்பதற்கு என்ன குறை? குருமடத்து அங்கியும் பிக்குமாரின் காவியும் ஒரே வீதியில் நடக்கும். குடை, தலைக்கவசம், ஊன்றுகோல், பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளைகள், மதிலில் குரங்குக் கூட்டம். எசல பெரஹெரவின் கசை வெடிச்சத்தத்துக்கும் மேளத்துக்கும் கண்டி நாய் எப்படியும் பழகவேண்டும். தூரத்திலிருந்து, மடியின் சூட்டில் இருந்தபடி, வாயில் ஒரு துண்டு அவித்த கோழியோடு அது கேட்கட்டும். வீதியில் ஓடும் கட்டாக்காலி நாய்களை மட்டும் முகரவிட வேண்டாம். அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. 2006 முதல் அரசாங்கம் அவற்றைக் கொல்வதை நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் எந்த நாய்க்கு எந்த நோய் என்று நமக்குத் தெரியாது. டிஸ்டெம்பர் என்ற நோய் காற்றிலேயே தொற்றும்.

அப்படியானால் எந்த நாயோடு பழகலாம்? இதைச் சொல்லும்போது எனக்குச் சூட்டியின் நினைவு வராமல் இருக்காது. சூட்டி என்றால் சிங்களத்தில் சின்னவள். எங்கள் நிலையத்தில் பதினொரு வருடம் இருந்தாள், சின்னவளாக ஒருநாளும் இருக்கவில்லை. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும், முகவாய் நரைத்துவிட்டது. வருடா வருடம் ஊசி, பூச்சி மருந்து எல்லாம் தவறாமல் நடக்கும். நூற்றுக்கணக்கான குட்டிகளுக்கு அவள்தான் ஆசிரியை.

ஒரு நாளை அப்படியே சொல்கிறேன். கழுவிக் காயவிட்ட சீமெந்துத் திண்ணை. முதல் ஊசி போட்டு எட்டு நாளான ஒரு கறுத்தக் குட்டி. சூட்டியின் கழுத்தில் கயிறு, ஆனால் தொய்வாக. கயிற்றை இழுத்துப் பிடித்தால் நாயின் நெஞ்சு நிமிரும், எதிரில் உள்ளதற்கு அது சண்டைக்கு வருவதுபோல் தெரியும். சூட்டி நேரே வரவில்லை. வில் போல வளைந்து, பக்கவாட்டில் வந்தாள். வந்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். "நான் ஒன்றும் செய்யமாட்டேன், நீ வந்து பார்" என்பதற்கு நாய் பாஷையில் அதுதான் சொல். குட்டி வயிற்றைத் தரையோடு வைத்து ஊர்ந்து வந்தது. அவளுடைய வாய் ஓரத்தை நக்கியது. பிறகு மல்லாந்து விழுந்து வயிற்றைக் காட்டியது. அவள் ஒரு தடவை முகர்ந்துவிட்டு விலகினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, குட்டிக்குத் துணிவு வந்துவிட்டது. பாய்ந்து அந்த மடிந்த காதைக் கடித்தது. ஊசிப்பல் அல்லவா! சூட்டி அசையாமல் நின்றாள். உதடு லேசாகத் தூக்கியது. நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் உறுமல். குட்டி விடவில்லை. அடுத்த கணம் அவள் காற்றில் ஒரு கடி கடித்தாள், குட்டியின் ஒரு மயிரில்கூடப் படவில்லை. குட்டி "வீல்" என்று கத்திக்கொண்டு உட்கார்ந்தது.

குட்டியின் சொந்தக்காரி பதறி எழுந்தார். "இருங்கம்மா, தூக்காதீங்க," என்றேன். குட்டியை அந்தரத்தில் தூக்கினால் பெரிய நாய் எம்பிப் பாயும். அதோடு, நாய் என்றால் ஆபத்து என்று குட்டியும் படித்துக்கொள்ளும். காத்திருந்தோம். சூட்டி தன் உடம்பை ஒரு தடவை உதறினாள். குட்டியும் உதறியது. பிறகு மெதுவாக வந்து அவளுடைய முன்காலில் தாடையை வைத்தது. அவள் அப்படியே விட்டாள். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அந்தக் குட்டி அன்று கற்றது. நாயைப் போல மனிதரால் அதைக் கற்றுக்கொடுக்க முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் பிரித்துவிட்டோம். முதல் நாளுக்கு அது போதும். எல்லா வளர்ந்த நாயும் சூட்டி ஆகிவிடாது என்பதையும் மறக்காதீர்கள். உடம்பு விறைத்து, வாய் மூடி, வாலை உயர்த்தி, கண்வெட்டாமல் பார்க்கிற நாய் வேண்டாம். குட்டி கதிரைக்கு அடியில் போய் ஒளிந்து திரும்பி வராவிட்டால் அன்றைக்கு அத்தோடு முடியுங்கள்.

2008 இல் அமெரிக்காவின் விலங்கு நடத்தையியல் கால்நடை வைத்தியர் சங்கமும் இதைத்தான் சொன்னது. முதல் ஊசி போட்டுக் குறைந்தது ஏழு நாள் ஆகி, பூச்சி மருந்தும் கொடுத்திருந்தால், குட்டிகளைச் சுத்தமான இடத்தில் மற்றக் குட்டிகளோடு பழக்கத் தொடங்கலாம், எல்லா ஊசியும் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை என்று.

நேரம் நெருங்குகிறது. மட்டைப்பெட்டிப் பிள்ளையிடம் திரும்புவோம். நான் அம்மம்மாவிடம் கேட்டேன்: "டைகருக்கு ஊசி போட்டிருக்கா?" "ஓம் டொக்டர், பிஎச்ஐ ஐயா வந்த நேரம் போட்டது." நேயர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வரும்போது அரசாங்கம் இலவசமாகப் போடுவது விசர்நோய்த் தடுப்பூசி. அது கட்டாயம் வேண்டும். விசர்நோய்க்கான கட்டளைச் சட்டம் நம் நாட்டில் 1893 இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த ஊசி பார்வோவையும் டிஸ்டெம்பரையும் தடுக்காது. அவற்றுக்கு வேறு ஊசி. ஆகவே டைகருக்கும் அதைப் போட்டோம். வீதியில் கிடைத்த குட்டி என்பதால் பதினான்கு நாள் தனி அறை, தனிப் பாத்திரம், டைகரைத் தொடுமுன் கைகழுவல். இடையில் குட்டிக்கு முதல் ஊசியும் பூச்சி மருந்தும். இன்னொன்று: வீதியில் கிடந்த எந்தக் குட்டியானாலும், உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.

அந்தப் பிள்ளை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக வெட்டினாள். பின்னேரங்களில் குட்டியை மடியில் வைத்துக் கேட்டடியில் நின்றாள். மூன்றாவது சனிக்கிழமை அவர்கள் வீட்டுத் திண்ணையைக் கழுவிக் காயவைத்துவிட்டு என்னையும் கூப்பிட்டார்கள். டைகர் பக்கவாட்டில் வளைந்து வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

உங்கள் வீட்டிலும் ஊசி முடியாத ஒரு குட்டி இருந்தால், இன்று பின்னேரம் சூன் பாண் சத்தம் கேட்டதும் அதைத் தூக்கிக்கொண்டு கேட்டடிக்கு வருவீர்கள் என்று நம்புகிறேன்.