இரும்பு எரியாது, ஆனால் தாங்குமா?

(வெண்ணந்தூரில் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. தீ வேகமாகப் பரவக் கீற்றுக் கூரை வழி செய்தது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பல இடங்களில் இரும்புக் குழாய்களும் தகடுகளும் வந்தன. இரும்பு எரியாது என்பது உண்மைதான். ஆனால் அது தீயில் தாங்கி நிற்குமா என்பது வேறு கேள்வி. இந்த வேறுபாட்டை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கொல்லுப்பட்டறையை நினைத்துப் பாருங்கள். கொல்லர் இரும்பை உருக்குவதில்லை, பழுக்கக் காய்ச்சுகிறார். அதுவே சுத்தியலுக்கு வளைந்துகொடுக்கப் போதுமானது. கட்டடத்தில் தீப்பிடித்தால் மேலிருக்கும் பாரமே சுத்தியலின் வேலையைச் செய்துவிடுகிறது. எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் 550 டிகிரியை எட்டும்போதே அதன் வலுவில் ஏறத்தாழ 40 விழுக்காடு போய்விடுகிறது. ஓர் அறை முழுவதும் பற்றி எரிந்தால் வெப்பம் 800 டிகிரியைத் தாண்டக்கூடும்.

தோசைக்கல் சூடேற நேரமாகும்; மெல்லிய தகடு உடனே சுடும். அதுபோலவே கனமான தூணைவிட மெல்லிய குழாய் விரைவில் வலுவிழக்கும். நம் ஊர் விசைத்தறிக் கூடங்களில் நூலும் பஞ்சுத் தூசும் இருக்கின்றன. அங்கே வேலை செய்வோர் நம் மாணவர்களின் பெற்றோர். எனவே இது பாடநூலோடு முடிந்துவிடும் செய்தி அன்று.

எஃகைக் காக்க ஒரு வழி, வெப்பத்தில் உப்பும் பூச்சு. பார்ப்பதற்குச் சாதாரணப் பெயின்ட் போலவே இருக்கும். வெப்பம் 200 டிகிரியைத் தாண்டிச் செல்லும்போது அரிசி பொரிவதுபோல் அது உப்பத் தொடங்கும். ஒரு மில்லிமீட்டர் பூச்சு, சில சென்டிமீட்டர் தடிமனுள்ள கரி நுரையாக மாறும். நுரையின் நுண்ணறைகளில் அடைபட்ட வாயு, வெப்பம் எஃகை அடைவதைத் தாமதப்படுத்தும். இதில் மூன்று பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன: அமிலம் தரும் அம்மோனியம் பாலிபாஸ்பேட், கரி தரும் பென்டாஎரித்ரிட்டால், வாயு தரும் மெலமைன்.

இத்தத்துவத்தை வகுப்புக்கு எளிதாகக் காட்டலாம். நான்கு பங்கு சர்க்கரைத் தூளுடன் ஒரு பங்கு சமையல் சோடாவைக் கலந்து, எஃகுக் கரண்டியில் இட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்குங்கள். சர்க்கரை கரியாகும், சோடா தரும் வாயு அதை உப்பச் செய்யும். கரண்டியை இடுக்கியால் பிடியுங்கள். திறந்த வெளியில், மணல் வாளியை அருகில் வைத்துக்கொண்டு, ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும்.

பூச்சு தீயை அணைக்காது. நேரம் வாங்கித் தரும். தேவைக்கேற்ப அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி நேரம் தாங்கும்படி அதன் தடிமனைக் கணக்கிடுகிறார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி தீப் பாதுகாப்பைப் பற்றியது. எஃகுக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800:2007 தரநிலையிலும் தீயைத் தாங்கும் திறனுக்குத் தனிப் பிரிவு உண்டு.

துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு இந்த வேலையைச் செய்யாது. உப்பும் பூச்சின்மேல் கண்ட பெயின்டை அடிப்பதும், மின்விசிறிக் கொக்கிக்காக அதைச் சுரண்டிப் பற்றவைப்பதும் பாதுகாப்பைக் கெடுத்துவிடும். 2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்களில் விமானங்கள் மோதியபோது எஃகின்மேல் இருந்த தீத்தடுப்புப் பூச்சு உதிர்ந்தது. அது உதிராமல் இருந்திருந்தால் கோபுரங்கள் நின்றிருக்கக்கூடும் என்றே அமெரிக்க அரசு நிறுவனத்தின் ஆய்வு முடிவு செய்தது.

ஒவ்வொரு பள்ளிக் கொட்டகைக்கும் இப்பூச்சு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒற்றைத் தளக் கொட்டகையில் விரைவாக வெளியேறும் வழியே முதல் பாதுகாப்பு. கொட்டகைக்குள் பழைய மேசைகளையும் காகிதக் கட்டுகளையும் குவிக்காதீர்கள். பள்ளி நேரத்தில் எந்த வாசலும் பூட்டியிருக்கக் கூடாது. வெளியேறும் பயிற்சியைப் பருவத்துக்கு ஒருமுறையேனும் நடத்தி, கடைசிக் குழந்தை வெளியே வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். புதிதாக மாடிக் கட்டடம் எஃகில் எழுந்தால், அது எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும் என்று பொறியாளரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தையும் நீங்கள் குறித்த நிமிடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.