கரை நின்ற பாட்டனார்

(திருநின்றவூரில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், தமிழாசிரியராகிய உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வூருக்குப் பெருமை தந்த பூசலார் நாயனார், கையிற் பொருளின்மையால் மனத்துள்ளேயே கல்லும் மரமும் தேடிக் கோயில் எழுப்பினார். அக்கோயிலுக்குக் கணக்கும் இல்லை, பட்டயமும் இல்லை. இறைவனே காடவர்கோன் கனவிற் சென்று சான்று பகர்ந்த வரலாற்றைக் குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமான் பாடியருளினார். நம் பாட்டன்மார்க்கு அங்ஙனம் சான்று சொல்ல வருவார் எவருமிலர். அவர்களைக் காண வேண்டுமாயின் ஓலையிலும் நிலக்கணக்கிலும் வீட்டுப் பரணிலுமே தேடல் வேண்டும். அங்ஙனம் எங்கள் குடும்பத்துப் பாட்டனார் ஒருவரைத் தேடப் புகுந்த யான் எதைக் கண்டேன் என்பதே இன்று சொல்லப் போவது. கேட்டு முடித்தபின் சிலர் என்மீது சினங்கொள்ளவும் கூடும். பொறுத்தருள்க.

எங்கள் வீட்டில் வழிவழி வந்த கதையொன்று உண்டு. ஐதர் அலியின் குதிரைப்படை வந்தபோது ஊரே காலியாயிற்றாம். எங்கள் பாட்டனார் ஒருவர் மட்டும் காவற்காரர் சிலரோடு ஏரிக்கரைமேல் நின்று ஊரைக் காத்தாராம். அதனால் அவர் 'கரை நின்ற பாட்டனார்' எனப்பட்டாராம். அவருடைய தம்பி முதல் நாளே ஓடிப்போனாராம். ஆகவே தம்பி வழியினரை 'ஓடிப்போன வீட்டார்' என்று சொல்லுவது எங்கள் வழக்கம். பங்காளிகளாயிருந்தும் குலதெய்வப் பொங்கலில் அவர்களிடம் வரி வாங்குவதில்லை, இழவுக்குச் சொல்லியனுப்புவதில்லை. அவ்வீட்டார் சிலர் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் எதிரிற் சொல்ல வேண்டும் என்றே இச்சொற்பொழிவுக்கு இசைந்தேன்.

முதலில், நம் ஊர் எதற்கு எல்லையாக இருந்தது என்பதை இளைஞர்கள் அறிதல் நன்று. 1750இல் பூவிருந்தவல்லிப் பகுதி ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தது. 1763இல் நவாப் முகம்மது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக வழங்கினார். அவரே அதனைக் குத்தகைக்கு எடுத்து 1780 வரை ஆண்டுவந்தார். கும்பினிக்கு உரிமை, நவாபுக்கு வசூல், குடிகளுக்குச் சுமை என்ற நிலை. சென்னைக் கோட்டைக்கு ஏறக்குறைய 18 மைல் மேற்கேயுள்ள நம் ஊர், கோட்டையின் பீரங்கிக்கு எட்டாததும், பகைவன் குதிரைக்கு எளிதில் எட்டுவதுமான இடத்தில் இருந்தது. 1780 ஜூலையில் ஐதர் அலி சங்கம வழியாக இறங்கினார். ஆகஸ்டில் அவர் குதிரைவீரர் பரங்கிமலைப் பக்கம் வரை வந்து கொள்ளையிட்டனர். செப்டம்பரில் பொள்ளிலூரில் கும்பினிப் படையின் ஒரு பகுதி அழிந்தது. சென்னைக்கு உணவும் தீனியும் கிட்டாதபடி பழவேற்காடு தொடங்கிப் புதுச்சேரி வரை உள்நாட்டைச் சுட்டெரித்தனர். 1785இல் எட்மண்ட் பர்க்கு என்பார் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி இங்கிலாந்துப் பார்லிமெண்டிற் பேசிய பேச்சிலும் இவ்வழிவு விரித்துரைக்கப்பட்டது. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை ஆன பின்பே மக்கள் ஊர் திரும்பினர்.

நம் பெரியோர் சிலர், 'நாம் ஆதொண்டச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று குடியேற்றிய வேளாளர். 24 கோட்டத்து 79 நாட்டுக் காணியாளர்' என்று தொடங்குவர். அக்கதையை இகழேன். ஆயினும் ஆதொண்டனுக்கும் தம் கொள்ளுப்பாட்டனாருக்கும் இடையே எத்தனை பெயர் தெரியும் என்று கேட்டால் பலரும் வாய் திறவார். இறங்கி வருவதைவிட, தெரிந்த பெயரிலிருந்து படிப்படியாக ஏறிச் செல்வதே தக்க முறை.

ஏறும் படிகளைச் சொல்லுகின்றேன். முதற்படி, பதிவு அலுவலகத்து வில்லங்கச் சான்றும் பதிந்த பத்திரங்களும். அவை 1860களின் நடுவோடு நின்றுபோம். அடுத்தது நில அளவைக்குப்பின் எழுந்த 'அ' பதிவேடும் அதற்கு முற்பட்ட பைமாசு எண்ணும். கர்ணம் பதவி 1980இல் நீக்கப்பட்டபோது ஊர்க் கணக்குகள் அரசு கைக்குப் போயின. கர்ணம் வீட்டார் பலர் வைத்திருந்த படிகள் இன்னும் ஆங்காங்கு உள. 1997இல் செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்து நம் ஊர் திருவள்ளூர் மாவட்டத்துட் சேர்ந்தது. ஆதலின் ஏட்டைத் தேடுவார் ஈரிடத்தும் அலைய நேரும். மானிய நிலமாயின் 1858இல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொன்றையும் விசாரித்து எழுதிய பதிவேடு உண்டு. எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் யான் முதலில் பார்த்தது அதனையே. போரில் நின்று ஊர் காத்தவர்க்கு உதிரமானியம் விடுவது பழைய வழக்கமன்றோ? எங்கள் குடும்பத்துக்கு அத்தகைய மானியம் ஒன்றும் அங்கே இல்லை. முதல் ஐயம் அன்று தோன்றிற்று.

அதற்கும் மேலே ஏறினால் பர்னார்டு கணக்கு வரும். தாமஸ் பர்னார்டு என்பார் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க்கணக்கர் தமிழ் ஓலையில் எழுதித் தந்தவற்றின் சுருக்கமே அது. எத்தனை வீடு, யார் யார் குடி, ஏரி எத்தனை, நன்செய் புன்செய் எவ்வளவு, விளைச்சலில் கோயிலுக்கும் கணக்கனுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வெட்டியானுக்கும் பாளையக்காரக் காவலுக்கும் மேரை எவ்வளவு என்பன அதனுட் கிடைக்கும். எஞ்சிய ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஊரைக் காணலாம்; பாட்டனாரைப் பெயர் சொல்லிக் காண்பது அரிது.

ஏன் அரிது எனின், அக்காலத்தில் காணியாட்சி என்பது இன்ன வயல் இன்னாருடையது என்பதன்று. ஊரில் இத்தனை பங்கு என்பதே. எல்லீசு துரை என நாம் வழங்கும் எல்லிஸ், சங்கரய்யர் துணையோடு மிராசு உரிமையைப் பற்றி எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின. திருக்குறளிலும் ஈடுபாடுடைய அவர், நம் ஊர்களில் இருவகை முறை வழங்கியதை எடுத்துக்காட்டினார். பசுங்கரை என்பதில் நிலம் பொதுவாய் இருந்து குறித்த காலத்துக்கொரு முறை பங்காளிகளிடையே மாறி வரும். அறுதிக்கரை என்பதில் நிலம் நிலையாகப் பிரிந்துவிடும். பசுங்கரை ஊரில் வயலைப் பிடித்துக்கொண்டு பாட்டனாரைத் தேடுவது, ஓடும் நீரைக் கையாற் பிடிப்பது போலும். பங்கைப் பின்பற்றியே செல்லல் வேண்டும்.

இவ்விடத்திற்றான் என் அறியாமையை யானே கண்டு நாணினேன். கரை என்பது ஏரிக்கரை மட்டுமோ? மிராசு வழக்கில் கரை என்றால் நிலப்பங்கு. கரைக்காரன் என்றால் பங்குடையோன். கரையீடு என்றால் பங்கு பிரித்தல். இருபது ஆண்டு தமிழ் கற்பித்தும் எங்கள் வீட்டுக் கதையில் இச்சொல்லை ஆராய எனக்குத் தோன்றவில்லை. பழக்கத்தாற் கேட்ட சொல்லைக் காது ஆராய்வதில்லை.

பின்னர் வேப்பம்பட்டில் வாழும் என் அத்தையார் வீட்டுப் பரணில், பாட்டியாரோடு சீராகச் சென்ற பெட்டியொன்றில் ஓலைக்கட்டு அகப்பட்டது. சாதகங்கள், கொடுக்கல் வாங்கல் கணக்கு, இவற்றிடையே பாகவோலை ஒன்று. என் தந்தையார் இளமையில் அதனைக் கண்டு, 'சார்வரி ஆண்டு' என்பதையும் 'கரை நின்றது' என்பதையும் மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்தாராம். சார்வரி என்பது 1780. ஐதர் வந்த ஆண்டு. கதை மெய்யாயிற்று என எல்லாரும் மகிழ்ந்து ஓலையைக் கட்டி வைத்துவிட்டனர்.

யான் மையிட்டுத் துடைத்து முழுதும் வாசித்தேன். ஓலையில் 'கலெக்டர் கச்சேரி' என்ற சொல் வருகின்றது. 1780இல் இச்சீமைக்குக் கலெக்டர் ஏது? சார்வரி 60 ஆண்டுக்கொரு முறை வரும். 1780, 1840, 1900 ஆகிய மூன்றும் சார்வரியே. இருப்புப்பாதையைப் பற்றிய பேச்சு நான்கெல்லையில் இல்லை. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை நம் ஊர் வழியே 1856இல் இரயில் ஓடத் தொடங்கிற்று; அதற்குப் பின் எங்கள் வீட்டில் எழுந்த பத்திரங்கள் அனைத்தும் 'இருப்புப்பாதைக்குத் தெற்கு' என்றே எல்லை கூறுகின்றன. எனவே ஓலை எழுதியது 1840ஆம் ஆண்டுச் சார்வரி. தை மாதம் ஆதலின் 1841 ஜனவரி. அதிற் குறித்த எங்கள் பாட்டனார், ஐதர் காலத்தவருடைய பேரர். பாட்டன் பெயரைத் தாங்குவோன் பெயரன் அன்றோ? பெயரும் ஒன்று, ஆண்டின் பெயரும் ஒன்று. இரண்டு தலைமுறை ஒன்றாய்க் கலந்துவிட்டது. உங்கள் வீடுகளிலும் இப்பிழை நேர்ந்திருக்கும்; பசலி ஆண்டு எழுதியிருப்பின் அதனோடு 590 கூட்டிச் சரிபார்த்துக்கொள்க.

இனி ஓலை கூறுவது. பேரர் காலத்தில் இரு வீட்டாருக்கும் வழக்குண்டாகி, ஊரார் கூடித் தீர்த்தபோது பழைய செய்தியையும் எழுதிவைத்தனர். குதிரை வந்த காலத்தில் மூத்தவர் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார். இளையவர் ஊரிலேயே தங்கி, ஆட்களைக் கொண்டு இயன்றமட்டும் பயிரிட்டார். ஆகவே இருவர் கரையும் இளையவர் பெயரில் நின்றது. மூத்தவர் குரோதி ஆண்டில், அதாவது 1784இல், திரும்பிவந்தார். இளையவர் வழக்காடாமல் அண்ணன் கரையை அண்ணனுக்கே விட்டார். மூத்தவர் வழியே நாங்கள். என்னை முதலாக வைத்து எண்ணினால் அவர் ஒன்பதாந் தலைமுறை.

கரை நின்றது ஏரியிலன்று, கணக்கிலே. அதுவும் எங்கள் பாட்டனார் பெயரிலன்று, தம்பி பெயரிலே.

ஓடினாரென்று அவரைப் பழிக்க எனக்கு மனமில்லை. குழந்தை குட்டிகளோடு தீயின் நடுவே நிற்க எவர்க்கு இயலும்? அந்நாளில் கோட்டையை நோக்கி நடந்தவர் எண்ணிறந்தோர். ஆனால் தம்பி விட்டுக்கொடுத்தது சிறிய காரியமன்று. பிளேஸ் என்பவர் 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராயிருந்தபோது, ஊரை விட்டகன்ற மிராசுதாரரின் பங்குகளை வேறு குடிகளிடம் ஒப்புவித்தது பதிவான செய்தி. தம்பி 1784இல் கரையைத் திருப்பித் தந்திராவிடின், பத்து ஆண்டு கழித்துக் கலெக்டர் வந்தபோது எங்கள் வீட்டாருக்குக் காட்ட ஒரு குழியும் இருந்திராது. ஒரு காணிக்கு 100 குழி, அதில் ஒன்றும்.

இன்னொன்றும் அவ்வோலையில் உண்டு. பாகம் பிரித்த இடத்தில் 'ஏர்மாடு நான்கு' என்பதற்கு அடுத்து 'ஆள் ஐந்து' என்று எழுதியிருக்கின்றது. பெயர் இல்லை. அடிமை முறையைச் செல்லாததாக்கிய சட்டம் 1843இல்தான் வந்தது. தம்பியோடு ஊரில் நின்று பயிரிட்டவர் அத்தகைய ஆட்களே; அவருள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர் வழியினர் குடியிருந்த சேரி மனைக்கும் மிராசுதாரர் உரிமை கொண்டாடியதை 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையிற் காணலாம். அதன்பின் 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. நம் பெருமை தேடித் திறக்கும் ஏட்டிலேயே இதுவும் இருக்கின்றது. கண்டதைச் சொல்லாது விட யான் கணக்கன் அல்லேன்.

என் பெரியப்பா இதனைக் கேட்டு, "தம்பி, ஓலை கட்டிலேயே கிடந்தால் உனக்கென்ன?" என்றார். இரண்டு நாள் யானும் அவ்வாறே எண்ணினேன். பின்பு அவரே ஓலையைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வரிவரியாக என்னை வாசிக்கச் செய்தார். வரும் பொங்கலுக்கு வரிப்பட்டியலில் தம்பி வீட்டார் பெயரை முதலில் எழுதப் பூசாரியிடம் சொல்லியவரும் அவரே. வரி கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். 240 ஆண்டுக்கு மேலாகக் கேட்காததை இப்போது கேட்கின்றோம்.

வீட்டில் ஓலையுடையோர்க்கு ஒரு சொல். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் பழைய வழக்கத்தால் அழிந்த சுவடிகளை எண்ணி உ.வே.சாமிநாதையரவர்கள் வருந்தியதை அறிவீர்கள். எழுத்துத் தெரியவில்லையென்றால் விளக்குமை தடவித் துடையுங்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசி நிழலில் உலர்த்துங்கள். வாசிக்க இயலாவிடின் என்னிடம் கொணர்க; ஞாயிறுதோறும் வீட்டிலிருப்பேன்.

எங்கள் ஓலையும் அதன் பெயர்த்தெழுத்தும் மேசைமேல் உள்ளன. கூட்டம் முடிந்ததும் ஓலையைத் தம்பி வீட்டுப் பெரியவரிடம் ஒப்புவிக்கிறேன். எங்களுக்குப் படி போதும். வலப்பக்கம் செல்லரித்திருப்பதால் பார்ப்போர் இரு கையாலும் ஏந்திப் பார்க்குமாறு வேண்டுகின்றேன்.